ஒன்றும் ஆகாத நாட்கள்

போன மாதம் மாமியாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. அவரை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள், வெளியே நாற்காலிகளில் இருபது முப்பது பேர் காத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அந்த வாரம் ஆன்கால் கிடையாது, அதாவது சர்வர் கெட்டால் எழுந்து பார்க்கிற முறை என்னுடையது இல்லை. சொல்லப்போனால் முழு விடுப்பு, லேப்டாப்பைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அப்போது பின்வரிசையில் யாருடைய போனிலோ, சர்வரில் கோளாறு என்று எச்சரிக்கிற அந்த அலர்ட் ஒலி அடித்தது. அது என் போன் இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும், என் போனில் அந்த ஒலியை மாற்றியே மூன்று வருடம் ஆகிறது. இருந்தும் கை தானாகப் பைக்குள் போனது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, உள்ளங்கை வேர்த்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். ஓர் இளைஞர், பக்கத்தில் கண்ணில் கட்டோடு அவருடைய அப்பா. அந்தப் பையன் ஒரு கையால் அப்பாவின் தோளைப் பிடித்தபடி மறு கையால் முழங்காலில் லேப்டாப்பை விரித்துக்கொண்டிருந்தார். "டிஸ்க்கா?" என்று கேட்டேன், சர்வரில் இடம் நிரம்பிவிட்டதா என்று அர்த்தம். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "டிஸ்க்தாங்க" என்றார்.

முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே சத்தத்துக்கு ஒரே மாதிரி பயந்திருக்கிறோம். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்தே இதை எழுத வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வேலைக்கு வந்து 16 வருடம். ஆரம்பத்தில் சிஸ்டம் அட்மின் என்றார்கள், அப்புறம் டெவ்ஆப்ஸ், இப்போது எஸ்ஆர்இ, அதாவது சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியர். போர்டில் பெயர் மாறியதே தவிர வேலை ஒன்றுதான்: ஓடுகிற சர்வர்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கணினித் துறைக் கஷ்டம் என்றாலே நேரங்கெட்ட நேரத்து வேலை, கழுத்துவலி, எப்போது வேலை போகுமோ என்ற பயம், வருடத்துக்கு ஒரு புது ஃப்ரேம்வொர்க் படிக்க வேண்டிய தலையெழுத்து என்று ஒரு பட்டியல் எல்லாரிடமும் இருக்கிறது. எல்லாம் உண்மைதான், எனக்கும் எல்லாம் உண்டு. ஆனால் அதற்கெல்லாம் அடியில் வேறொன்று கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது. எங்கள் வேலை நன்றாக நடந்தால் கண்ணுக்கே தெரியாது, கெட்டுப்போனால் மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்ட ஒரு வேலையைப் பத்து, பதினைந்து வருடம் பார்க்கிற ஆள், மற்றவர்கள் பார்ப்பது போலவே தன்னையும் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். தான் கெடுத்தது மட்டுமே அவருக்கு நினைவில் நிற்கிறது.

ஆன்கால் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு டீமில் ஆறு பேர் இருந்தால் ஆறு வாரத்துக்கு ஒரு முறை உங்கள் வாரம் வரும். அந்த ஏழு நாளும் இருபத்து நான்கு மணி நேரமும் போன் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அடித்தால் ஐந்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போகும், அவரும் எடுக்காவிட்டால் மேனேஜருக்கு. குளிக்கப் போகும்போது போனைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு, தண்ணீரை நிறுத்தி நிறுத்தி, அடிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன். சினிமாவுக்குப் போக முடியாது என்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. அடிக்காத நேரமும் உங்களுடையதாக இருக்காது, அதுதான் கொடுமை.

இரவு 2:40. "டிஸ்க் 91 சதவீதம்." ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மூளை முழுதாகத் தெளியப் பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம்வரை ஆகும் என்று தூக்கத்தை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் அந்த அரை மணி நேரத்துக்குள்தான் எதையும் அழிக்கக்கூடிய ரூட் அனுமதியோடு, வாடிக்கையாளர்கள் பயன்படுத்துகிற ப்ரொடக்ஷன் சர்வருக்குள் நுழைந்து எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது என்று முடிவெடுக்கிறோம். கூகுள் தன் எஸ்ஆர்இ நடைமுறைகளை 2016-ல் வெளியே எழுதி வைத்தபோது, 12 மணி நேர ஷிஃப்ட்டில் ஓர் ஆளுக்கு அதிகபட்சம் இரண்டு சம்பவங்கள்தான் தாங்கும் என்று ஒரு கணக்குச் சொன்னது. ஒரு சம்பவத்தை எடுத்து, சரிசெய்து, காரணம் கண்டுபிடித்து, எழுதி வைப்பதற்குள் பாதி நாள் போய்விடும் என்பதால் அந்தக் கணக்கு. அதை முதல் முறை படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. அதற்கு முந்தைய என் வாரத்தில் 41 அலர்ட். அதில் மூன்றே மூன்றுதான் உண்மையான பிரச்சினை, மற்றதெல்லாம் யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போன, இப்போது அர்த்தமே இல்லாத வரம்புகள். அந்த வரம்புகளை உட்கார்ந்து திருத்துவதற்கு நேரம் கொடுங்கள் என்று கேட்டால், "இந்த ரிலீஸ் முடியட்டும்" என்பார்கள். எந்த ரிலீஸ் முடிந்திருக்கிறது?

என் கணவர் வேறு துறை. முதல் ஒலிக்கே அவருக்கு முழிப்பு வந்துவிடும், நான் கையெழுத்துப் போடுகிற மாதிரி எழுந்து உட்கார்ந்து டைப் அடித்துவிட்டு மறுபடி படுத்துவிடுவேன், அவருக்குத்தான் அப்புறம் தூக்கம் வராது. ஒரு கட்டத்தில் என் ஆன்கால் வாரங்களில் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவார். ஆரம்பத்தில் அது வீட்டில் ஒரு ஜோக். பிறகு ஆன்கால் இல்லாத வாரங்களிலும் அவர் ஹாலிலேயே படுத்துக்கொண்டிருந்தார், எப்போதிலிருந்து என்று இருவருக்குமே தெரியவில்லை. சண்டை எதுவும் இல்லை. கேட்டால், "பழகிடுச்சு" என்றார்.

2013-ல் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் மற்றதைப் பேச முடியாது.

திரையில் கட்டளை அடிக்கிற இரண்டு டெர்மினல் ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று டெஸ்ட் சர்வர், இன்னொன்று ப்ரொடக்ஷன். இரண்டுக்கும் ஒரே கறுப்புப் பின்னணி, ஒரே எழுத்து, பெயரில் கடைசி எழுத்து மட்டும்தான் வித்தியாசம். டெஸ்ட்டில் ஒரு டேபிளைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தேன். எப்போதும் ஒரு விநாடியில் முடிகிற வேலை, அன்றைக்கு நாலைந்து விநாடி எடுத்தது. டெஸ்ட்டில் இவ்வளவு டேட்டா ஏது என்று யோசித்த அந்தக் கணத்தில் வயிற்றுக்குள் ஏதோ சறுக்கிக்கொண்டு கீழே போனது, இன்றைக்கு இதை எழுதும்போதும் அதே இடத்தில் அதே உணர்வு. முந்தைய நாள் இரவு எடுத்த பேக்கப் இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒன்பது மணி நேர டேட்டாவை லாகுகளிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி நானும் இன்னும் இரண்டு பேரும் மறுநாள் மாலைவரை உட்கார்ந்து சேர்த்தோம். கிட்டத்தட்ட எல்லாம் திரும்பி வந்தது.

சேர்த்ததை யாரும் பேசவில்லை. மேனேஜர் முதலில் கேட்ட கேள்வி, "யார் அடிச்சது?" அப்புறம் நாற்பது பேருக்கு நகல் போட்டு ஒரு மெயில், மூலக் காரணம் என்ற இடத்தில் "மனிதத் தவறு" என்று இரண்டே வார்த்தை. பெயர் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை, எல்லாருக்கும் தெரியும். இரண்டு சர்வருக்கும் ஏன் ஒரே நிறம், ஒரே கடவுச்சொல், டெஸ்ட்டில் வேலை பார்க்கிற ஆளுக்கு ப்ரொடக்ஷனை அழிக்கிற அனுமதி ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, தப்புச் செய்த ஆளுக்குக் கேள்வி கேட்கிற உரிமை இல்லை என்று அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒவ்வொரு கட்டளையையும் அடித்துவிட்டு என்டர் தட்டுவதற்கு முன் மூன்று முறை படிப்பேன். அது நல்ல பழக்கம்தானே என்பீர்கள். கைகள் நடுங்க மூன்று முறை படிப்பது வேறு பழக்கம். யாராவது பாராட்டினால், இவர்களுக்கு 2013 தெரியாது போல என்று தோன்றும். திறமையாக வேலை செய்துகொண்டே, தான் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம், ஒருநாள் பிடிபட்டுவிடுவோம் என்று உள்ளுக்குள் பயப்படுகிறவர்களைப் பற்றி பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-லேயே எழுதியிருக்கிறார்கள். நன்கு சாதித்த சுமார் 150 பெண்களிடம் பேசிவிட்டு எழுதியது. படித்தபோது ஆறுதலாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், என்னிடம் பேசாமலேயே என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்களே என்று கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது.

ஆறுதல் வேறிடத்திலிருந்து வந்தது. 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்து வைக்க உதவும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், ரெப்ளிகா, அதாவது நகல் சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் டைரக்டரியை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்திவிட்டார், ஆனால் 300 ஜிபி இருந்த இடத்தில் மிஞ்சியது சுமார் 4.5 ஜிபி. சரி, பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தால், தினமும் ஓடவேண்டிய பேக்கப், வெர்ஷன் பொருந்தாததால் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றது என்று சொல்ல வேண்டிய மெயில்களும் போய்ச் சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, அதே பொறியாளர் வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். அழித்ததும் அவர், காப்பாற்றிய நகலை எடுத்து வைத்திருந்ததும் அவர்.

அவர்கள் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் பார்த்தார்கள், நானும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது, சதவீதம் ஏறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான், பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த மனிதரை அவர்கள் வேலையை விட்டு அனுப்பவில்லை. பிறகு வெளியிட்ட அறிக்கையில் அவர் பெயர் இல்லை, குற்றச்சாட்டு இல்லை, எந்தெந்த ஓட்டைகள் சேர்ந்து ஒரு மனிதனின் கையை அந்த இடத்துக்குக் கொண்டுபோயின என்று வரிசையாக இருந்தது. இதற்கு ஒரு மரபு உண்டு. எட்ஸி என்ற இணையக் கடை நிறுவனத்தில் இருந்த ஜான் ஆல்ஸ்பா 2012-லேயே, பழி சுமத்தாத ஆய்வு என்று இதைப் பற்றி எழுதியிருந்தார்: தண்டித்தால் அடுத்த முறை ஆட்கள் உண்மையை மறைப்பார்கள், மறைத்தால் ஓட்டை அப்படியே இருக்கும். எவ்வளவு எளிமையான விஷயம். அந்த வாரம் என் பழைய "மனிதத் தவறு" மெயிலைத் தேடி எடுத்து, எனக்கு மட்டும் அதை முழுதாகத் திருப்பி எழுதினேன். இரண்டரைப் பக்கம் வந்தது. யாருக்கும் அனுப்பவில்லை.

இதே மாதிரி ஒன்று, கொஞ்சம் பெரிய அளவில். 2000-ஆவது ஆண்டு பிறந்தபோது கணினிகள் எல்லாம் குழம்பிப்போகும் என்று உலகமே பயந்தது, ஒய்டுகே என்பார்கள், வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்திருந்ததால் 00 என்பதை 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்று. கடைசியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்கும் யாரிடம் கேட்டாலும், அது ஒரு புரளி, ஐடிக்காரர்கள் காசு பார்க்கக் கிளப்பிவிட்டது என்பார்கள். ஒன்றும் நடக்காததற்குக் காரணம், அதற்கு முன்னால் பல வருடம் லட்சக்கணக்கான ஆட்கள் வரி வரியாகப் கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல்களைத் திறந்து திருத்தியதுதான். உலகம் முழுக்க ஆன செலவு 30,000 கோடி டாலர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் அந்த வேலையில் மூன்று வருடம் இருந்தவர். ஓய்வு பெறும் நாளில் அவரிடம், பெருமையாக நினைக்கிற வேலை எது சார் என்று கேட்டேன். "ஒய்டுகே. ஆனா அதை வெளியில சொன்னா சிரிப்பாங்கம்மா" என்றார். உப்பின் அருமை உப்பில்லாவிட்டால்தான் தெரியும் என்பார்கள். இவர் போட்ட உப்பு அளவாக இருந்ததால், போட்டாரா இல்லையா என்றே கேட்கிறார்கள்.

அப்ரைசல் என்று ஒரு கூத்து இருக்கிறதே, அதற்கு வருகிறேன். படிவத்தில் ஒரு கட்டம்: இந்த ஆண்டு உங்களால் ஏற்பட்ட இம்பாக்ட் என்ன? ஒரு வருடம் நான் நேர்மையாக எழுதினேன். 17 சர்ட்டிஃபிகேட்கள், அதாவது காலாவதியானால் தளமே நின்றுவிடுகிற பாதுகாப்புச் சான்றுகள், காலாவதியாவதற்கு முன்பே புதுப்பிக்கப்பட்டன. பேக்கப்புகள் மாதம் ஒரு முறை உண்மையிலேயே திருப்பி ஏற்றிப் பார்க்கப்பட்டன. தேவையற்ற அலர்ட்கள் பாதியாகக் குறைக்கப்பட்டன. மேனேஜர் படித்துவிட்டு, "இதெல்லாம் பிஏயு தானே, பிராஜெக்ட்டா ஏதாவது இருந்தா போடுங்க" என்றார். பிஏயு என்றால் வழக்கமான வேலை, அதாவது நடந்தே ஆக வேண்டியது, அதாவது கணக்கில் வராதது. அதே வருடம் பக்கத்து டீமில் ஒருவர் கேஷ் என்கிற தற்காலிகச் சேமிப்பு ஒன்றை மாற்றியமைத்து, அது விழுந்து, மூன்று இரவு தூங்காமல் அதைத் தூக்கி நிறுத்தினார். அவருக்கு விருது. நல்ல மனிதர், என் நண்பரும்கூட, அவரே என்னிடம், "நான் வெச்ச தீயை நானே அணைச்சதுக்கு மாலை போடுறாங்க" என்று சிரித்தார். வருமுன் காப்பவருக்கு மாலை போட முடியாது, எது வரவில்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வருடத்திலிருந்து நானும் மாறிவிட்டேன். பேக்கப் சோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டு, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு டேஷ்போர்ட் செய்தேன், கலர் கலராக. நல்ல ரேட்டிங் வந்தது. அந்த டேஷ்போர்டை மூன்று மாதத்துக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை, நானும்தான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஏதோ ஒன்று தீர்ந்துபோனது. நான் எதிர்பார்த்தது அழுகை, கோபம், உடம்புக்கு முடியாமல் போவது இந்த மாதிரி. வந்தது வேறு. ஓர் இரவு அலர்ட் அடித்தது, எழுந்து பார்த்தேன், உண்மையான பிரச்சினைதான், பேமென்ட் போகவில்லை. எனக்குள் எழுந்த முதல் எண்ணம்: எரியட்டும். ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சரிசெய்தேன், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் எனக்குப் பயமே இல்லை என்பதுதான் பிறகு பயமாக இருந்தது. ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-ல் பர்ன்அவுட் என்ற சொல்லை ஆய்வுக் கட்டுரைக்குள் கொண்டுவந்தபோது அவர் பார்த்தது, இலவச மருத்துவமனைகளில் ஓடி ஓடி வேலை பார்த்தவர்களை. பின்னால் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: உடலும் மனமும் வற்றிப்போவது, வேலைமீதும் ஆட்கள்மீதும் ஒரு விட்டேத்தித்தனம், நான் செய்வதில் பிரயோஜனமே இல்லை என்ற எண்ணம். நம் ஊழியர் நலக் கூட்டங்கள் முதலாவதைத்தான் பிடித்துக்கொள்கின்றன. விடுப்பு எடுங்கள், மூச்சுப்பயிற்சி செய்யுங்கள். நான் பத்து நாள் விடுப்பு எடுத்தேன், நன்றாகத் தூங்கினேன், திரும்பி வந்த முதல் மணி நேரத்திலேயே அந்த "எரியட்டும்" நாற்காலியில் எனக்காகக் காத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதைத் தன் புதிய நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது, நோய் என்று சேர்க்கவில்லை, வேலை சார்ந்த நிலை என்று சேர்த்தது. அந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாத்திரை எனக்கு எழுதிக் கொடுத்தால் போதாது, வேலைக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மனம் வற்றிய ஒரே ஓர் ஆளை நம்பி உலகம் நிற்பதும் உண்டு. எக்ஸ்இசட் என்று ஒரு சிறிய மென்பொருள், கோப்புகளைச் சுருக்குவது, கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பல வருடங்களாகப் பராமரித்தவர் ஒரே ஒருவர், சம்பளம் கிடையாது. 2022-ல் மெயிலிங் லிஸ்ட்டில் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறாய் என்று சிலர் அவரை நெருக்கினார்கள். தனக்கு நீண்ட நாளாக மனநலச் சிக்கல்கள் இருப்பதாகவும் இது சம்பளமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்கிற வேலை என்றும் அவர் வெளிப்படையாகவே பதில் எழுதினார். அதற்குச் சில மாதம் முன்பே உதவிக்கு வந்திருந்த ஒரு கணக்கு, இரண்டு வருடத்துக்கும் மேல் பொறுமையாக வேலை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் யாருக்கும் தெரியாமல் நுழைய ஒரு பின்கதவை உள்ளே வைத்துவிட்டது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதை உலகத்துக்குச் சொன்னார். அவருக்குச் சந்தேகம் வந்தது எப்படி? எஸ்எஸ்ஹெச் லாகின், அதாவது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைவது, வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமானதால். அரை விநாடி! அதைக் கவனித்த கண்ணை எல்லாரும் பாராட்டினோம், சரிதான். அந்த 2022 மெயில்களை நான் பிறகுதான் தேடிப் படித்தேன். முடியவில்லை என்று ஒரு மனிதர் எழுதியிருக்கிறார், பதிலுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கியிருக்கிறார்கள்.

என் வேலை 2023-ல் போனது. அந்தக் குளிர்காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேர், அடுத்த ஜனவரியில் அமேசான் 18,000, கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000 என்று அறிவித்தார்கள். இந்த நான்கு மட்டும் சேர்ந்தே 51,000 குடும்பங்கள். நான் இருந்தது இவற்றில் எதிலும் இல்லை, சின்ன இடம், ஆனால் பெரியவர்கள் வெட்டினால் சின்னவர்களுக்கும் கத்தியை எடுக்கத் துணிச்சல் வந்துவிடுகிறது. ஒரு காலை லாகின் ஆகவில்லை. பாஸ்வேர்ட் காலாவதியாகிவிட்டது என்று நினைத்து ஹெல்ப்டெஸ்க்குக்கு டிக்கெட் போடப் போனேன், டிக்கெட் போடவும் லாகின் ஆக வேண்டுமே. பத்து நிமிடம் கழித்துச் சொந்த மெயிலுக்கு வந்து சேர்ந்தது கடிதம். என் டீமில் ஆறில் மூன்று பேர். உங்கள் டீமில் பெரிய சம்பவங்கள் எதுவும் இல்லை, ஆட்கள் கொஞ்சம் அதிகமாக இருப்பதாகத் தெரிந்தது என்று பிறகு ஒருவர் போனில் சொன்னார். இதைக் கேட்டு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், அவர் நான் அழுகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மெசேஜ், பழைய டீமில் மிஞ்சியிருந்த பையனிடமிருந்து. ஒரு சர்ட்டிஃபிகேட் காலாவதியாகி நாலு மணி நேரமாக எல்லாம் படுத்துக்கிடக்கிறது, அக்கா அந்தப் புதுப்பிக்கிற ஸ்கிரிப்ட் எங்கே இருக்கிறது? படித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்கவில்லை, நல்ல, கொழுத்த சந்தோஷம். போனைத் திருப்பி வைத்துவிட்டுக் கால் மணி நேரம் அதை அனுபவித்தேன். அப்புறம் அந்தப் பையன் இப்போது எப்படி உட்கார்ந்திருப்பான் என்று கண்முன் வந்தது, வயிற்றில் அந்தச் சறுக்கல். எந்த ஃபோல்டர், எந்த வரி என்று எழுதி அனுப்பினேன்.

புது வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது. ஐந்து சுற்று, ஆறு சுற்று நேர்காணல்கள், வேலையில் ஒரு நாளும் தேவைப்படாத புதிர்கள், எல்லாம் முடிந்து ஒரு பதிலும் இல்லாமல் காணாமல்போகிற எச்ஆர்கள், இதையெல்லாம் எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். எல்லா இடத்திலும் ஒரு கேள்வி: நீங்கள் சந்தித்த மிகப் பெரிய சம்பவம், அதை எப்படிச் சமாளித்தீர்கள்? கடந்த நாலு வருடத்தில் எங்களுக்குப் பெரிய சம்பவமே இல்லை என்று உண்மையைச் சொன்னால், எதிரில் இருப்பவர் முகத்தில் ஏமாற்றம் தெரியும். மூன்றாவது நேர்காணலிலிருந்து நான் 2013-ஐச் சொல்ல ஆரம்பித்தேன். எல்லாருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. பத்து வருடம் என்னைத் தூங்கவிடாத அந்தத் தப்புதான் கடைசியில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

இப்போது ஏஐ வந்து எல்லாரையும் கலக்கிக்கொண்டிருக்கிறது. நம் வேலையை எடுத்துக்கொள்ளுமா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு ஜோசியம் தெரியாது. நான் பார்ப்பது இவ்வளவுதான்: எழுதுவது வேகமாகிவிட்டது, எழுதியதைப் படித்துச் சரிபார்க்கிற வேலை பெருகிவிட்டது, அந்தப் படிக்கிற வேலை எந்த அறிக்கையிலும் தெரிவதில்லை. 2025-ல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 ஓப்பன்சோர்ஸ் டெவலப்பர்களை வைத்து ஒரு சோதனை செய்தது. ஏஐ கருவிகளோடு செய்த வேலைக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது, ஆனால் செய்தவர்களோ தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். பதினாறு பேர் என்பது சின்ன எண்ணிக்கை, கருவிகளும் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன, அதனால் அந்த 19-ஐப் பிடித்துக்கொண்டு நான் சண்டை போட மாட்டேன். தன் வேலையின் வேகம் தனக்கே சரியாகத் தெரிவதில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டே எல்லாவற்றையும் அளந்து பழகிவிட்டோம் இல்லையா.

இந்தப் புது இடத்தில் நான் டீம் லீட். பெரிய சீர்திருத்தம் எதுவும் செய்துவிடவில்லை. இரவில் அடிக்கிற அலர்ட்டுக்கு மறுநாள் காலை பாதி நாள் விடுப்பு. ப்ரொடக்ஷன் டெர்மினலுக்குச் சிவப்புப் பின்னணி, சகிக்கவே முடியாத சிவப்பு, அதுதான் வேண்டும். மூலக் காரணம் என்ற இடத்தில் "மனிதத் தவறு" என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். கணவர் போன வருடம் ஹாலிலிருந்து திரும்பி வந்தார். ஆன்கால் வாரத்தில் நான்தான் இப்போது ஹாலில் படுக்கிறேன், எழுப்புகிற போன் என்னுடையதுதானே.

வெள்ளிக்கிழமை மாலை ஆன்கால் ஹேண்ட்ஓவர். வாரம் முழுவதும் நடந்ததை எழுதி அடுத்த ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். போன வாரம் முதல் முறையாகத் தனியாக ஆன்கால் பார்த்தான் ஒரு பையன், சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஹேண்ட்ஓவரில் ஒரே வரி: ஒன்றும் ஆகவில்லை. அதைப் படித்துவிட்டு, ஏன் ஆகவில்லை என்று எழுது என்றேன். முழித்தான். "இல்லக்கா, நிஜமாவே ஒண்ணும் ஆகலை."

"அதான் கேட்கிறேன். ஏன் ஆகலை?"

அரை மணி நேரம் கழித்துத் திரும்பவும் அனுப்பினான். திங்கள்: டிஸ்க் 80 சதவீதம் தாண்டியது, பழைய லாகுகளை நகர்த்தினேன், அலர்ட் அடிக்கவில்லை. செவ்வாய்: ஒரு சர்ட்டிஃபிகேட்டுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, புதுப்பித்தேன். புதன்: பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பார்த்தேன், ஏறியது. வியாழன்: டெப்ளாய்மெண்ட்டில் ஒரு கான்ஃபிக் தப்பாக இருந்தது, போவதற்கு முன்பே பார்த்துவிட்டு நிறுத்தினேன். கீழே, வேண்டுமென்றே சேர்த்தானா விளையாட்டுக்கா தெரியவில்லை, இன்னொரு வரி. வியாழன் இரவு: ஏழு மணி நேரம் தூங்கினேன்.